ஹடப்சரின் டோப்பாப் பட்டறை

ஆஷாட ஏகாதசிக்கு முன்னால் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹூவிலிருந்து துக்காராம் பல்லக்கும் புனேக்குள் வந்து தங்கிவிட்டுக் கிழக்கே புறப்படும். ஹடப்சர் வந்ததும் இரண்டும் பிரிந்துவிடும். ஞானேஸ்வரர் திவே காட் ஏறி சாஸ்வட் போவார். துக்காராம் சோலாப்பூர் சாலையிலேயே லோணி காள்போர் பக்கம் நடப்பார். கடைசியில் இரண்டு பேருக்கும் பண்டரிபுரம்தான். பல்லக்குகளோடு நடக்கும் அந்தப் பக்தர் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் நான் போய் இறங்கியது ஏப்ரல் மாதம், காற்றில் ஈரமே இல்லாத தக்காண வெயிலில்.

புனே ஜங்ஷனில் ரயிலை விட்டு மாநகரப் பேருந்து பிடித்து ஹடப்சரின் காடிதள் நிறுத்தத்துக்கு வந்தேன். மேம்பாலத்துக்குக் கீழே இருசக்கர வண்டிகள், ஓரத்தில் கரும்புச் சாறு பிழியும் ரஸ்வந்திக் கடைகள், பின்னால் மாஞ்சரியிலிருந்து காய்கறி ஏற்றிவந்த டெம்போக்கள். இந்த ஊரின் பெயரை உலகம் கேட்கக் காரணம், சைரஸ் பூனாவாலா 1966-ல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிட்யூட். கோவிஷீல்டு ஊசி இங்கேதான் தயாரானது. உள்ளூரில் அதற்குச் சமமாகச் சொல்லும் பெயர் மகர்பட்டா. விவசாயிகள் தங்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுத் தீர்க்காமல், சுமார் 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாக இருந்து கட்டிய நகரம் அது. அங்கே ஐ.டி. வேலைக்கு வந்து ஊன்றிப்போன தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். என் பெரியம்மா மகள் வீடும் அங்கேதான்.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடந்துகொண்டிருந்தது. முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், சொன்னபடியே கொட்டியது. அவள் அழவில்லை. இணையத்தில் ஒரு விக் வரவழைத்து வைத்துக்கொண்டு அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்ததாம். ஒருநாள் காலையில் குக்கர் மூடியைத் திறந்தாள். எழுந்த ஆவி நெற்றியில் விழுந்த முடியைத் தொட்டது. முன்பக்க இழை முழுவதும் சுருண்டு, உரசிப்போன பிளாஸ்டிக் தேங்காய் நார் மாதிரி நின்றுவிட்டது. எண்ணெய், தண்ணீர், சீப்பு எதற்கும் அது மசியவில்லை.

"முடி கொட்டினப்போ கூட எனக்கு இவ்வளவு கோபம் வரல. காசு வாங்கினவன் ஒரு வரி சொல்லியிருக்கலாம்ல, சமையல்கட்டுக்குப் போட்டுட்டுப் போகாதேன்னு" என்றாள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். விக் வாங்குகிறவர்களில் பலர் உடம்பு முடியாத நேரத்தில் வாங்குகிறார்கள். நீளம், நிறம், விலை எல்லாவற்றையும் கடையில் பேசுகிறார்கள். எது எவ்வளவு சூடு தாங்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தலையில் வளரும் முடி தீய்ந்தால் வெட்டிவிட்டுக் காத்திருக்கலாம். விக்கில் தீய்ந்தது தீய்ந்ததுதான்.

இரண்டாவதாக அவள் வாங்கியது மனித முடி விக். நூறு சதவீதம் மனித முடி என்று விற்றவர் சொன்னார். ஐம்பது வயதுக்காரிக்கு இயல்பாக இருக்கட்டும் என்று வகிட்டோரம் கொஞ்சம் நரையும் கேட்டு வாங்கியிருந்தாள். மயிலாப்பூரில் நாத்தனார் மகள் கல்யாணம். அதற்குப் போவதற்குமுன் அந்த விக்கைக் கொஞ்சம் அலையலையாகச் செய்துகொள்ள வேண்டும். அதற்காக அவள் கண்டுபிடித்திருந்த இடம் மாளவாடியில் இருந்தது. நானும் கூடப் போனேன்.

மாளவாடியில் விட்டல்ராவ் துபே பாட்டீல் பெயரில் மாநகராட்சி கட்டிய நாடக அரங்கு இருக்கிறது. புனேயின் நாடகக் குழுக்கள் நகரத்தைச் சுற்றிவரும்போது இங்கேயும் ஆடுகின்றன. அதையொட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே, ஓர் அறைதான் பட்டறை. சுவரோரம் கேன்வாஸ் தலைகள் வரிசையாக நின்றன. ஒன்றின்மேல் பேஷ்வா காலத்துக் குடுமி, ஒன்றின்மேல் முனிவர் சடை, இன்னொன்றில் கொண்டை. அவை மேடைக்கு. ஜன்னலோரத்து அலமாரியில் துணி மூடி வைத்திருந்தவை நோயாளிகளுக்கு. இரண்டையும் ஒரே கைதான் செய்கிறது. அந்தக் கை நாற்பதைத் தாண்டிய ஒரு மராத்திப் பெண்ணுடையது. மாமனாரிடம் தொழில் கற்றவர். மராத்தி கலந்த ஹிந்தியில் பேசினார். அக்காவை வாய்க்கு வாய் "தாயி" என்றார்.

மராத்தி நாடகத்தில் டோப்பாவுக்கு இருக்கும் மரியாதையை இந்த ஊரில்தான் புரிந்துகொள்ள முடியும். நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ் என்கிற பாலகந்தர்வர் (1888-1967) பெண் வேடத்தில் பாடி நடித்த காலத்தில், அவர் சேலை கட்டிய விதத்தையும் தலையில் பூ வைத்த விதத்தையும் பார்த்து வீட்டுப் பெண்கள் மாற்றிக்கொண்டார்களாம். ஜங்க்லி மகராஜ் சாலையில் 1968-ல் திறந்த பாலகந்தர்வ ரங்கமந்திர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பக்கத்தில் டி.கே. சண்முகம் ஔவையாராக மேடையேறி, அந்த வேடத்தின் பெயராலேயே அவ்வை சண்முகம் ஆனார். ஓர் ஆணை ஊரே பாட்டி என்று நம்பவைக்க, குரலுக்கும் நடைக்கும் அடுத்தபடி உதவுவது அந்த வெள்ளை முடிதான். மேடை டோப்பா கட்டும் குடும்பங்களுக்குச் சூட்டைப் பற்றிப் பல தலைமுறை அறிவு சேர்ந்திருக்கிறது. இந்தப் பெண்ணின் மாமனார் கரி அடுப்பில் இடுக்கி காயவைத்து, முடியில் வைக்கும் முன் பழைய நாளிதழ் ஓரத்தைக் கவ்விப் பார்ப்பாராம். காகிதம் பழுப்பேறினால் இடுக்கி ஆறட்டும் என்று வைத்துவிடுவார். சூட்டு இடுக்கியால் அலை போடும் டோப்பாக்காரர்கள் பலருக்கும் தெரிந்த சோதனை இது. இப்போது மருமகள் கையில் டிகிரி காட்டும் மின் இடுக்கி இருக்கிறது. எண் காட்டாத, 'ஹை', 'லோ' என்று மட்டும் போட்ட மலிவு இயந்திரத்தை இவர் பட்டறைக்குள் விடுவதில்லை.

அக்கா விக்கை எடுத்துக் கொடுத்ததும் அவர் இடுக்கியைத் தேடவில்லை. காதுக்குப் பின்னால் உள்பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு முடியையும், வகிட்டருகிலிருந்து ஒரு நரையையும் உருவினார். ஸ்டீல் தட்டின்மேல் சிறு இடுக்கியில் பிடித்துக் கறுப்பை முதலில் கொளுத்தினார். இறகு பொசுங்கும் நாற்றம் வந்தது. சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தது. மனித முடி. பிறகு நரை. அது சுடர் அருகில் போனபோதே பின்வாங்கிச் சுருங்கியது. நுனியில் கடுகு போல ஒரு கறுத்த மணி கட்டிக்கொண்டது. நகத்தால் நசுக்கினால் நசுங்கவில்லை.

"தாயி, இது நைலான் மாதிரி ஏதோ ஒன்று. மனித முடி இல்லை" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். வீட்டில் அவள் மகளின் ஸ்ட்ரெய்ட்னர் இருக்கிறது. 180 டிகிரியில் வைத்துச் செய்துகொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள்.

இந்தத் தொழிலில் இது பெரிய மோசடி இல்லை, வழக்கம் என்று அந்தப் பெண் விளக்கினார். நல்ல நரை மனித முடி எளிதில் கிடைக்காது. கறுப்பு முடியை வெளுத்து நரையாக்கினால் வலு போய்விடும். அதிகச் சூடு பட்டால் மஞ்சளாகும். அதனால் நரைக்குச் செயற்கை இழையையோ யாக் முடியையோ கலக்கிறார்கள். கலப்பதில் தவறு இல்லை. சொல்லாமல் கலப்பதுதான் தவறு. ஏனென்றால் கலந்த விக்கில் எந்த இழை குறைந்த சூட்டில் சாகுமோ, அந்த இழைதான் முழு விக்குக்கும் சட்டம் போடுகிறது. 180-ல் அக்கா இடுக்கியை ஓட்டியிருந்தால் கறுப்பு முடி தப்பித்திருக்கும். வகிட்டில் நரை முழுவதும் உருகி, பக்கத்துக் கறுப்போடு ஒட்டியிருக்கும்.

மனித முடிக்குச் சூடு ஏன் வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். முடி கெராட்டின் என்கிற புரதம். அதன் இழைகளுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஈரமோ சூடோ பட்டால் அவை விலகும். உலர்ந்து ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதனால் ஆறும் நேரம்தான் முக்கியம். சுருட்டிய முடியைச் சூடாக இருக்கும்போதே அவிழ்த்துவிட்டு, நிற்கவில்லையே என்று மறுபடி மறுபடி இடுக்கி வைப்பவர்கள்தான் முடியைக் கருக்குகிறார்கள். நிதானமாக ஒருமுறை ஓட்டி, சுருளை ஊசி குத்திப் பிடித்து, கை வைத்தால் குளிர்ந்திருக்கும்வரை விட வேண்டும். சாயம் ஏற்றாத நல்ல முடிக்கே 180 டிகிரிக்கு மேல் அவர் போவதில்லை. சாயம் ஏற்றியதும் வெளுத்ததும் என்றால் 150-க்குக் கீழே தொடங்குகிறார். ஈர முடியில் சூடான இடுக்கி படவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து முடிக்குள்ளேயே குமிழி கட்டும். அந்த இடத்தில் முடி பட்டென்று ஒடியும்.

அக்கா விக்குக்கு அவர் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. நரை கலந்த முன்பகுதிக்கு இடுக்கியே கிடையாது. லேசாக ஈரமாக்கி, நுரை உருளைகளில் சுற்றி, மின்விசிறிக் காற்றிலேயே காயவைப்பது. நரையில்லாத பின்பகுதியில் உள்ளே ஒரு கற்றையைச் சோதித்துப் பார்த்துவிட்டு 150-ல் இடுக்கி. வேர்ப் பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டார். முன் நெற்றியில் முடி முளைத்தது போலக் காட்டும் அந்த வலைத்துணி மிக மெல்லியது, நைலானோ பாலியெஸ்டரோ. இடுக்கி முனை தொட்டால் ஓட்டை. ஓட்டையை அடைக்க முடி முடிச்சுப் போடத் தெரிந்தவர் பல மணி நேரம் உட்கார வேண்டும்.

எல்லாம் கேன்வாஸ் தலைமேல்தான் நடந்தது. தலையில் வைத்துக்கொண்டே செய்துவிடலாமா என்று நான் கேட்டேன், அக்காவுக்குக் கழற்றிக் கழற்றி மாட்டுவது சிரமமாக இருக்குமே என்று. அவர் அக்காவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "மரத்துப்போகிறதா?" என்றார். ஆமாம், மரத்துத்தான் போயிருந்தது. பாக்லிடாக்ஸல் போன்ற டாக்ஸேன் மருந்துகள் கை கால் நரம்புகளைப் பாதிக்கும். விரல் நுனியில் சூடு தெரியத் தாமதமாகும், சிலருக்குத் தெரியவே தெரியாது. முடியில்லாத தலைத்தோலும் அப்போது மெல்லியதாக, எளிதில் புண்ணாவதாக இருக்கிறது. அப்படிப்பட்ட கையில் சுடும் இடுக்கியைக் கொடுத்துத் தலைமேல் வைக்கச் சொல்வது ஆபத்து. விரல் மரத்திருக்கும்வரை அந்த வேலையை வீட்டில் வேறொருவர், விக்கைக் கழற்றி வைத்துத்தான் செய்ய வேண்டும். விக்கைப் பற்றி நான் அன்றுவரை கேட்ட அறிவுரைகளில் எதிலும் இது இல்லை. நாடக டோப்பா கட்டுகிற ஒருவர் இதைச் சொன்னார். எத்தனை நோயாளிகளின் கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்!

குக்கர் ஆவியில் போன அந்தப் பழைய விக்கையும் அக்கா பையில் கொண்டுவந்திருந்தாள். அதைக் கையில் வாங்கியதுமே மோடாக்ரிலிக் என்றார். ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957-ல் கனேகலான் என்ற பெயரில் கொண்டுவந்த குடும்பத்து இழை அது. சவுரி, சடைப்பின்னல், மலிவு விக் எல்லாவற்றிலும் உலகெங்கும் இருக்கிறது. தொழிற்சாலையில் சூடு கொடுத்து வடிவம் பதித்துவிட்டார்கள். கழுவினாலும் அலை அப்படியே நிற்கும், அதுதான் இதன் வசதி. இடுக்கி, டிரையர், அடுப்பு ஆவி மூன்றும் இதற்கு எதிரி. மேடைக்கு இதையே சுருட்ட வேண்டும் என்றால், உருளையில் சுற்றிக் கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி, உருளையோடு முழுக்கக் காயவிடுவார்கள். அதுவும் ஒரு கற்றையில் சோதித்த பிறகே.

இவற்றுக்கு நடுவில் 'ஹீட் ரெசிஸ்டன்ட்' என்று எழுதி விற்கும் பாலியெஸ்டர் இழை விக்குகள் உண்டு. இவற்றுக்குக் குறைந்த சூட்டில் இடுக்கி வைக்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் டிகிரிதான் எல்லை, பெரும்பாலும் 130-லிருந்து 160-க்குள். அப்படி வைத்த அலை அடுத்த சூடு வரைக்கும் போகாது. ஆனால் பிடரியில் சட்டைக் காலர் உரசும் இடத்தில் இவை சீக்கிரம் சிக்காகி நார் விடுகின்றன.

இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. நம் வீடுகளுக்கு அது உயிர் சம்பந்தப்பட்டது. சூடு தாங்குவதும் தீப்பிடிக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. மோடாக்ரிலிக் குக்கர் ஆவிக்கே சுருண்டுவிடும். ஆனால் சுடரை விட்டு விலக்கினால் பெரும்பாலும் தானாக அணையும் குணம் அதற்கு உண்டு, பாதுகாப்பு உடைகளில் அதைப் பயன்படுத்துவதே அதனால்தான். பாலியெஸ்டர் இடுக்கியின் சூட்டைத் தாங்கும். தீப்பிடித்தால் உருகித் தோலில் சொட்டும். 'ஹீட் ரெசிஸ்டன்ட்' என்று படித்துவிட்டு அதை அணிந்துகொண்டு கார்த்திகை விளக்கு வரிசைமேல் குனிகிறவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது சுடர் நெற்றி முடிக்கு எவ்வளவு அருகில் வருகிறது! ஹோமகுண்டத்தின் அனல், தோசைக்கல், தாளிப்புக் கரண்டி, பொங்கல் அடுப்பு, மத்தாப்பு என்று நம் நாள் முழுவதும் தலை நெருப்பின் பக்கமே போய்வருகிறது. வெளிநாட்டுப் பெட்டியில் வரும் துண்டுச் சீட்டில் ஓவனைத் திறக்கும்போது ஜாக்கிரதை என்று இருக்கும். நம் வீட்டில் ஓவன் எங்கே இருக்கிறது? எழுத வேண்டியது குக்கரையும் கற்பூரத்தையும். முடியில் ஹேர் ஸ்பிரே அடித்திருந்தால் நெருப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும் என்பதையும் சேர்த்து.

உருளைகள் காய்கிற நேரத்தில் டீ வந்தது. அக்கா துணித்தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா இன்னும் அவளை நேரில் வந்து பார்க்கவில்லை. மொட்டைத் தலையோடு மகளைப் பார்க்க மனசு வரவில்லை என்று போனில் சொன்னாளாம். அந்தத் தலைமுறைக்குப் பெண்ணின் மொட்டை என்றால் இரண்டே அர்த்தம்தான்: வேண்டுதல், அல்லது விதவைக் கோலம். புனே இந்த இரண்டாவது அர்த்தத்தோடு போராடிய ஊர். ஜோதிராவ் பூலேயும் சாவித்ரிபாயும் இங்கே விதவைகளுக்கு வீட்டைத் திறந்துவைத்தார்கள். பூலேயின் வழியில் வந்த நாராயண் மேகாஜி லோகண்டே ஊக்கம் கொடுக்க, 1890-ல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, விதவைகளின் தலையை இனி மழிக்கமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். கத்தி பிடித்தவர்களே கத்தியைக் கீழே வைத்தது பெரிய செயல். அதைச் சொன்னபோது அக்கா, "அம்மாகிட்ட இதைச் சொல்லு" என்றாள்.

வேண்டுதல் முடி எங்கே போகிறது என்பதும் இந்தக் கதையில் ஒரு பகுதி. திருமலைக் கல்யாணகட்டாவிலும் பழனியிலும் திருத்தணியிலும் சமயபுரத்திலும் விழும் முடி ஏலத்துக்குப் போகிறது. வெட்டும்போதே வேர்களெல்லாம் ஒரு பக்கமாகவும் நுனிகளெல்லாம் மறுபக்கமாகவும் சேர்ந்து கிடைப்பதால் அதற்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. மேல்செதில்கள் ஒரே திசையில் படிந்திருக்கும், சிக்கு விழாது. சீப்பில் கழிந்து, பழைய பாத்திரத்துக்கோ பலூனுக்கோ போடும் முடிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. கர்நாடகத்தில் கொப்பள் அருகே பாக்யநகரில் அதைப் பிரித்துத் தரம்பார்ப்பது ஒரு பெரும் தொழில். பெண்கள் தரையில் உட்கார்ந்து சிக்கெடுக்கிறார்கள். அந்த முடியை அமிலத்தில் செதில் நீக்கி, சிலிகோன் பூசிப் பளபளப்பாக்கி விக் கட்டுவது உண்டு. சில கழுவலில் பூச்சு போன பிறகு அது சூட்டுக்கு நிற்காது. வாங்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னும்.

அக்காவின் விக் காய்ந்தது. முன்பகுதியில் இயல்பான மெல்லிய அலை, பின்னால் கொஞ்சம் நெருக்கமாக. சென்னைக்குப் போனால் இது நிற்குமா என்று கேட்டேன். இஸ்திரி போட்ட பருத்தி வேட்டி மழையில் நனைந்தால் மடிப்பு நிற்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார். மனித முடியின் அலை மயிலாப்பூரின் கடற்காற்றில் தளரும். அதனால் அங்கே போய்க் கல்யாணத்துக்கு முந்தின இரவில் மறுபடி உருளையில் சுற்றி வைக்கச் சொல்லி, நுரை உருளைகளையே கையில் கொடுத்தார். பயணத்தில் விக்கைக் கார் டிக்கியில் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் அலையும் போகும், முன் வலையை ஒட்டும் பசையும் இளகும்.

கல்யாணத்தில் அக்கா ஹோமத்திலிருந்து நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். ஆரத்தித் தட்டு வந்தபோது கையை மட்டும் நீட்டி ஒற்றிக்கொண்டாள். பெரியம்மாவும் வந்திருந்தாள். முந்தின இரவு அக்காவின் விரல் மரத்திருந்ததால் உருளைகளைச் சுற்றியவள் பெரியம்மாதான். கீமோ முடிந்து முடி வளர்ந்ததும் இந்த விக்கைக் கழுவிச் சுத்தம் செய்து இன்னொருத்திக்குக் கொடுக்க அக்கா நினைத்திருக்கிறாள். தொப்பியின் உள்பக்கத்தில் தைக்க ஒரு துணிப்பட்டி வெட்டி, மராத்தியிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறாள்: கறுப்பு மனித முடி, நரை செயற்கை, முன்பக்கம் இடுக்கி வேண்டாம், பின்பக்கம் 150 டிகிரி, உலர்ந்த பிறகு, தலையில் வைத்துக்கொண்டு செய்யாதே, அடுப்படிக்குப் போகும்போது கழற்றிவிட்டுத் துணி கட்டிக்கொள்.